மன்றத்தில் படித்தவர்கள்

ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு முடிந்தது. பல இடங்களில் நான்காம் வகுப்போடு. 1920களில் மலாயாவில் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றன. நிர்வாகமும் வைத்தது. கோயில் மண்டபத்திலோ, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையின் ஓரத்திலோ, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கடைசி அறையிலோ ஒரு கரும்பலகை மாட்டப்பட்டது. தோட்டக் கணக்கரான கிராணியாரோ எழுத்துத் தெரிந்த கங்காணியோ வாத்தியாரானார். அதற்கு மேல் படிக்க நகரமும் ஆங்கிலமும் பணமும் வேண்டும். மூன்றும் இல்லாத பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அப்பாவோடு பால்மர நிரைக்குப் போனது; பால் வடியும் மங்கு துடைத்தது, ஒட்டுப்பால் பொறுக்கியது.

அப்படிப் பள்ளியை விட்டவர்களிலிருந்துதான் மேடைப் பேச்சாளர்கள் வந்தார்கள், சிறுகதை எழுதியவர்கள் வந்தார்கள், தொழிற்சங்கக் கிளைச் செயலாளர்கள் வந்தார்கள், கோயில் திருவிழாக் கணக்கைச் சல்லிக்காசு பிசகாமல் ஒப்பித்த பொருளாளர்கள் வந்தார்கள். நான்காம் வகுப்பு படித்தவர் ஆண்டறிக்கை எழுதக் கற்றது எங்கே? நூறு பேர் முன் நின்று பேசக் கற்றது எங்கே?

மன்றத்தில். இளைஞர் மன்றம், வாசகசாலை, தமிழர் சங்கம், மணிமன்றம் என்று ஊருக்கு ஒரு பெயரில் இருந்த அந்தச் சின்னக் கொட்டகைகளின் கதையை மலேசியத் தமிழர் வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். கட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் கிடைத்த பக்கங்கள் மன்றத்துக்குக் கிடைக்கவில்லை. இன்று ‘இளைஞர் பணி’ என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் பாடமாக நடத்தப்படும் பல விஷயங்களை, அந்தப் பெயர் தெரியாமலே இவர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஜொகூரில் இதற்குத் தனி வசதி ஒன்று இருந்தது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909இல் ரயில் ஓடத் தொடங்கியபோது, தண்டவாளத்தை ஒட்டியே தோட்டங்களும் ஊர்களும் வளர்ந்தன: சிகாமட், லாபிஸ், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய். 1924இல் தரைப்பாலம் திறந்ததும் சிங்கப்பூர் பக்கத்து ஊராகிவிட்டது. பேச்சாளரும் பத்திரிகையும் நாடகக் குழுவும் கடல் தாண்டி வருவது, தெரு தாண்டி வருவதைப் போல ஆயிற்று. இரு கரைக்கும் இடையே கடப்பிதழ் பார்க்கும் வழக்கம் 1967இல்தான் தொடங்கியது. அதுவரை ஜொகூர்த் தோட்டத்து இளைஞனுக்குக் கோலாலம்பூரைவிடச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைதான் கிட்டம்.

1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சுற்றுப்பயணம் செய்துவிட்டுப் போனார். அவர் மூட்டிய விவாதம் அடங்கவில்லை. 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். சாதி ஒழிப்பு, கலப்பு மணம், கள் எதிர்ப்பு என்று அந்த ஏடு எழுதியவற்றைத் தோட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அதுவே வாசகசாலை. வாசித்தவர் பெரும்பாலும் இளைஞர். கேட்டவர்களில் அவருடைய அப்பாவும் இருப்பார். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை அந்த அரை மணி நேரம் ஊருக்கே படித்துக் காட்டுகிறவனாக இருந்தான். இந்தத் தலைகீழ் மாற்றம் சாதாரணமானதல்ல.

பிறகு போர் வந்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியர் ஜொகூரைக் கடந்து, பிப்ரவரியில் சிங்கப்பூருக்குள் போனார்கள். பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையின் வேலைக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். மிகப் பலர் திரும்பவில்லை. அதே காலத்தில் 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். இந்திய தேசிய ராணுவத்திலும், பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையிலும், சிறுவர்களின் பாலசேனையிலும் மலாயாத் தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஈப்போவின் ராசம்மா பூபாலன் பதினாறு வயதில் ஜான்சி ராணிப் படைக்குப் போனவர். பின்னாளில் ஆசிரியர் சங்கத் தலைவராகவும் பெண்களுக்கான தொழிற்பயிற்சி நிலையத்தை வளர்த்தவராகவும் அறியப்பட்டார். பால்மரக் காட்டிலிருந்து போனவர்களுக்குப் படை வேறு ஒன்றையும் கொடுத்தது. அணி வகுத்து நிற்பது, பட்டியல் எழுதுவது, பொருள் கணக்கு வைப்பது, சாதி பாராமல் ஒரே பந்தியில் உட்காருவது. போரில் படை தோற்றது, அந்தப் பழக்கம் தங்கிவிட்டது.

அது எங்கே வெளிப்பட்டது என்பதற்குக் கெடாவே பெரிய சாட்சி. 1946, 47இல் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படையினர் சீருடை போட்டு அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். சம்பள நாளில் குடித்துத் தீர்க்கும் அப்பன்மாரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நடத்திய இயக்கம் அது. போலீஸ் அடக்குமுறையில் முடிந்தது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. 1949 மே மாதம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார், அதற்கு முந்தைய நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து பேர் கூடி நின்றால் ஏன் என்று கேட்ட காலம். ஜொகூர் காடுகள் சண்டையின் நடுவில் இருந்தன. தோட்ட லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு.

அந்த நெருக்கடியில் வேலிக்குள்ளே அனுமதிக்கப்பட்டவை கோயிலும் பந்து விளையாட்டும் வாசகசாலையுமே. அரசியல் பேச முடியாத இளைஞர்கள் தமிழ் பேசினார்கள். ஐம்பதுகளில் மலாயாவில் தமிழ் மன்றங்கள் பெருகியதற்கு மொழிப் பற்று மட்டும் காரணம் என்று சொல்வது பாதி உண்மைதான். மற்ற கதவுகள் பூட்டியிருந்தன என்பது மீதிப் பாதி.

கதவைத் திறந்தவை பத்திரிகைகள். 1950, 51இல் கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பாடம் அச்சில் வரும்; வாசகர் கதை எழுதி அனுப்புவார்; திருத்தமும் தேர்வும் உண்டு. மலேசியச் சிறுகதையின் முதல் தலைமுறையில் கணிசமானவர்கள் அந்த அஞ்சல் வகுப்பில் கைப்பழக்கம் பெற்றவர்கள். ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைத் தொடங்கிச் சிறுவர்களை உறுப்பினராகச் சேர்த்து அவர்கள் எழுதியதை வெளியிட்டது. 1952இல் சாரங்கபாணி பொங்கலைத் தமிழர் திருநாளாகச் சிங்கப்பூரில் கொண்டாடத் தொடங்கியதும் அது ஜொகூர் வழியாக வடக்கே பரவியது. மணிமன்றப் பிள்ளைகள் வளர்ந்தபோது தாங்களே மன்றம் வைத்தார்கள். தமிழ் இளைஞர் மணிமன்றம் என்ற பெயர் அப்படி வந்தது. பின்னாளில் நாடு தழுவிய பேரவையாயிற்று. ஜொகூரின் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் அதன் கிளைகள் இருந்தன.

ஒரு கிளை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் படிப்பு நடந்தது அங்கேதான்.

முதலில் இடம். தோட்டத் துரையிடம் மனுப் போட வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். கிராணியாரைப் பிடித்து எழுதி வாங்குவார்கள். அடுத்த முறை பழைய மனுவைப் பார்த்துத் தாங்களே எழுதுவார்கள். பிறகு சட்டவிதி. சங்கப் பதிவதிகாரிக்கு அமைப்பு விதிகளும் செயலவைப் பெயர்ப்பட்டியலும் ஆண்டுக் கணக்கும் போக வேண்டும். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்று ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒருவர். காலையில் மேற்பார்வை மண்டோர் அதட்டினால் தலை குனிந்து நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளி, இரவு எட்டு மணிக்குத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து ‘ஒழுங்குப் பிரச்சினை’க்குத் தீர்ப்புச் சொன்னார். காலைப் பெரட்டில் தலை எண்ணப்படும் ஒருவன் மன்றத்தில் வாக்கு எண்ணினான்.

கூட்டத்தின் முதல் பொருள் எப்போதும் சென்ற கூட்டக் குறிப்பு. செயலாளர் அதை எழுந்து நின்று வாசிப்பார். தப்பு இருந்தால் திருத்தம் சொல்வார்கள், பிறகு ஒருவர் முன்மொழிய ஒருவர் வழிமொழிவார். பேச்சுத் தமிழில் நடந்த சண்டையை எழுத்துத் தமிழில் ஒரு பத்தியாகச் சுருக்குவது எவ்வளவு கடினம் என்பதை எழுதிப் பார்த்தவர்கள்தான் அறிவார்கள். யாரையும் புண்படுத்தக் கூடாது, நடந்ததை மறைக்கவும் கூடாது. இரண்டு ஆண்டு செயலாளராக இருந்தவருக்குத் தமிழ் உரைநடை தானாக வந்துவிடும். பிற்காலத்தில் பத்திரிகை நிருபரானவர்களுக்கும் தொழிற்சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவர்களுக்கும் இதைவிட நல்ல பயிற்சி வேறு எங்கும் கிடைத்திருக்காது.

பேச்சுப் பயிற்சி வாரம் ஒன்று. தலைப்பு முன்கூட்டியே தரப்படும் வாரமும் உண்டு, மேடையேறிய பிறகு சீட்டு எடுத்துப் பேசும் வாரமும் உண்டு. கால் நடுங்குவது, சொல் மறப்பது, சிரிப்புக்கு ஆளாவது எல்லாம் நடக்கும். ஆனால் சிரிப்பவர்களும் அடுத்த வாரம் ஏற வேண்டியவர்கள் என்பதால் சிரிப்புக்கு ஓர் அளவு இருந்தது. பட்டிமன்றத்தில் தான் நம்பாத கட்சிக்கு வாதாடும்போது எதிராளியின் நியாயம் என்ன என்று யோசித்தே ஆக வேண்டும். அச்சுக்குப் பணமில்லாததால் கையெழுத்து ஏடு நடத்தினார்கள். அழகான கையெழுத்துக்காரர் ஒருவர் எழுத, படம் வரையத் தெரிந்தவர் அட்டை போட, ஒரே பிரதி வீடு வீடாகச் சுற்றி வரும்.

திருவிழாவுக்கு நாடகம். திராவிட இயக்கத்தின் அடுக்குமொழி நாடகங்கள் சிங்கப்பூர் மேடைகளிலிருந்து இறங்கி வந்த காலம் அது. பெண் வேடத்தை ஆண்களே போட்டார்கள். வேட்டியால் கட்டிய திரைச்சீலை, கடன் வாங்கிய ஜெனரேட்டர், ஒத்திகைக்கு வராத கதாநாயகன், முதல் நாள் மழை. இந்தச் சிக்கல்களை அவிழ்ப்பதில்தான் பத்துப் பேர் சேர்ந்து ஒரு காரியத்தை முடிப்பது எப்படி என்று தெரிந்துகொண்டார்கள். நாடகம் முடிந்த மறுவாரம் செயலவை கூடும். என்ன செலவு, என்ன வரவு, எது சொதப்பியது, யார் ஏன் வரவில்லை. இந்தக் கடைசிக் கூட்டம்தான் கேளிக்கையைப் படிப்பாக்கியது.

அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி, அனுபவத்தையும் கல்வியையும் பற்றிய தம் சிறு நூலை 1938இல் வெளியிட்டார். எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்பது அவருடைய எச்சரிக்கை. 1984இல் டேவிட் கோல்ப் அதை ஒரு சுற்றாக வரைந்து காட்டினார்: செய்வது, செய்ததை நின்று பார்ப்பது, அதிலிருந்து ஒரு முறையைப் பிடிப்பது, மறுபடி செய்து பார்ப்பது. மன்றத்தின் திருவிழா, குறைநிறைக் கூட்டம், தீர்மானம், அடுத்த ஆண்டுத் திருவிழா என்ற வரிசை இந்தச் சுற்றோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. மணிமன்றத்தார் டூயியைப் படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்காமலே சரியாகச் செய்தார்கள் என்பதே அவர்களுக்கு உரிய பாராட்டு.

1950களின் நடுவில் பெரிய வேலை ஒன்று கைக்கு வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கவிருந்த இந்திய இயல் துறையில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற வாதம் எழுந்தது. சமஸ்கிருதத்துக்கு என்ற பரிந்துரையை எதிர்த்துத் தமிழுக்கே என்று சாரங்கபாணி போராடினார். துறை 1956இல் அமைந்தது, தமிழ் நின்றது. அதன் நூலகத்துக்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழக வாசலை ஒருநாளும் மிதிக்கப் போகாத தோட்டத் தொழிலாளர்கள் அதற்குக் கொடுத்தார்கள். லயம் லயமாகப் போய்ச் சில்லறை வாங்கி, ரசீது எழுதி, தொகையைக் கட்டிச் சேர்க்கும் வேலையில் இளைஞர்கள் இறங்கினார்கள். பொதுப்பணம் என்றால் என்ன என்பதை ஒரு வகுப்பறை இதைவிடத் தெளிவாகச் சொல்லித் தர முடியுமா?

அதே பத்தாண்டில் உலகம் வேறு இடங்களிலும் செய்து கற்கும் இந்த முறையைத் தேடிக்கொண்டிருந்தது. ஜெர்மானியக் கல்வியாளர் குர்ட் ஹான் 1941இல் வேல்ஸ் கடற்கரையில் தொடங்கிய ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியின் மலாயாக் கிளை 1954இல் பேராக் மாநிலம் லூமுட்டில் அமைந்தது. படகு, காடு, கயிறு, நெடுநடை என்று இளைஞர்களைத் தள்ளிவிட்டுக் கற்க வைக்கும் முறை. இலங்கையில் ஏ.டி. ஆரியரத்ன என்ற இளம் ஆசிரியர் 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவர்களைக் குருநாகல் பக்கம் கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட மக்களின் சிற்றூருக்கு அழைத்துப் போய், ஊராரோடு சேர்ந்து கிணறு வெட்டவும் பாதை போடவும் வைத்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கே பிறந்தது. லூமுட்டில் இளைஞனுக்குச் சவால் தயாரித்துக் கொடுக்கப்பட்டது. கனத்தொலுவவில் தேவை இருந்த இடத்துக்கு மாணவன் போனான். ஜொகூர்த் தோட்டத்து இளைஞன் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. தேவை அவன் லயத்து வாசலிலேயே இருந்தது.

மன்றத்தைப் புகழ்ந்துகொண்டே போவதும் நியாயமில்லை. அது ஆண்பிள்ளைகளின் இடம். பெண்பிள்ளைகள் திருநாளில் கோலாட்டம் ஆடினார்கள், கோலப் போட்டியில் பரிசு வாங்கினார்கள். செயலவையில் அவர்கள் பெயர் அபூர்வம். ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி தூக்கியவர்களின் தங்கைகளுக்கு, பத்தாண்டு கழித்து மேடைக்கு முன்னால் பாய் விரிக்கும் வேலை. சாதி ஒழிப்பு மேடையில் இருந்தது, சம்பந்தம் பேசும்போது இல்லை. தலைவர் நாற்காலியைப் பிடித்தவர் விடுவதில்லை என்ற நோயும் அப்போதே உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

தோட்டம்தான் மன்றத்தின் தரை. தரை நகர்ந்தபோது மன்றமும் சரிந்தது. ஐம்பதுகளில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கின. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர் ஜொகூர் அரச குடும்ப வழியினரான பொருளியலாளர் உங்கு அஜிஸ். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களே தோட்டம் வாங்க வழி செய்தார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கெடுபிடியானதும் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவு. எண்பது, தொண்ணூறுகளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நாடு முழுவதும் இப்படி வெளியேறியவர்கள் மூன்று லட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. ஜொகூரில் அவர்கள் மாசாய், உலு திராம், ஸ்கூடாய், பாசிர் கூடாங் என்று நகரத்தின் ஓரங்களில் மலிவு விலை அடுக்குமாடிகளில் போய்ச் சேர்ந்தார்கள். அடுக்குமாடியில் கோயில் மண்டபம் கிடையாது, பந்துத் திடல் கிடையாது, யார் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்கும் திண்ணையும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் ஷிப்ட் வேலையில், அல்லது விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. உறுப்பினர்களில் இந்தியர் எழுபது விழுக்காட்டைத் தாண்டினர். மக்கள் தொகையில் அவர்கள் பங்கோ ஏழு விழுக்காடு அளவே. இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டவர்கள் பலர். ஆனால் கும்பல் அந்தப் பையனுக்குக் கொடுப்பது என்ன என்று பார்த்தால் அடையாளம் தெரியும்: ஒரு பெயர், ஒரு பதவி, ஒரு பொறுப்பு, தோளில் கை போடும் அண்ணன். மன்றம் கொடுத்தவையும் இவையே. இடம் காலியானபோது வேறொருவர் குடிவந்தார்.

காலியிடத்தை நிரப்ப நல்லவர்களும் முயன்றார்கள். 1979இல் தொடங்கிய கல்வி சமூக நல ஆய்வு அறவாரியம் தோட்டங்களிலும் புறநகர்களிலும் தொண்டர்களை வைத்துப் பாடமும் முகாமும் நடத்தியது. 1982இல் வரலாற்றுப் பேராசிரியர் டாக்டர் மு. தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். அதன் வகுப்புகளில் கற்பித்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். தேர்வில் தேறிய பிள்ளை சில ஆண்டு கழித்துத் தானே தொண்டராக வந்து அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். நிலையத்தின் சாதனையாக மதிப்பெண் பட்டியலைச் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் முப்பது பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்ற அந்தத் தொண்டர்களின் வளர்ச்சியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளியிலிருந்து நழுவிய இளைஞர்களுக்காக 2011இல் வழக்கறிஞர் சி. பசுபதி தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் சிலாங்கூர் கலும்பாங்கில் தங்கிப் படிக்கும் வளாகம் நடத்துகிறது. ஏட்டுப் படிப்பில் தோற்றவன் கைத்தொழிலில் தேறும்போது நிமிர்கிறான் என்ற நம்பிக்கையில் அது நடக்கிறது.

அரசும் தன் பங்குக்கு அனுபவத்தைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. 2004இல் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சி, பதினெட்டு வயதுக்காரர்களைக் கணினிக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் முகாமில் வைத்தது. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் முதல் முறையாக ஒரே அறையில் தூங்கினார்கள் என்பது உண்மை. அது சின்ன விஷயமல்ல. ஆனால் முகாமில் எல்லாம் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருந்தது. எழுவதற்கு மணி, உண்பதற்கு மணி, நட்புக்கும் மணி. 2018இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025இல் சுருங்கிய வடிவில் மறுபடி தலைகாட்டியது. முகாமில் இளைஞன் பங்கேற்பாளன், மன்றத்தில் அவன் நடத்துநன். இரண்டுக்கும் உள்ள தூரத்தை அதிகாரிகள் இன்னும் அளந்து பார்க்கவில்லை.

ஜொகூர் பாருவிலேயே அளந்து பார்க்க ஒரு வாய்ப்பு உண்டு. 1988இல் கவிஞர் தான் சாய் புவானும் இசையாசிரியர் தான் ஹூய் சோங்கும் சேர்ந்து, சீனப் பஞ்சாங்கத்தின் 24 பருவங்களின் பெயரைத் தாங்கிய 24 பெரிய முரசுகளை வைத்து ஒரு கலையை உருவாக்கினார்கள். முதல் குழு அமைந்தது ஃபூன் யூ உயர்நிலைப் பள்ளியில். மாணவர்களே அடவு அமைத்து, மாணவர்களே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ந்த அந்தக் கலை நாட்டின் எல்லையைத் தாண்டிப் பரவியது. 2009இல் தேசிய மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. அதே நகரத்தின் தமிழ்ப் பிள்ளைகள் உறுமி மேளக் குழு வைத்திருக்கிறார்கள். அவர்களும் சேர்ந்து காசு போட்டுத் தோல் வாங்குகிறார்கள், இரவெல்லாம் பயிற்சி செய்கிறார்கள், கோயில்களோடு பேரம் பேசுகிறார்கள், குழுவுக்குள் சண்டையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். முரசுக்குப் பள்ளியும் கவிஞரும் பின்னால் நின்றார்கள். உறுமிக்குப் பின்னால் நின்றவர் குறைவு. சத்தம் என்றும் ரௌடிக் கூட்டம் என்றும் முகம் சுளித்தவர்கள் அதிகம். ஒரு குழுவைத் திருத்த வேண்டும் என்றால் முதலில் அதன் ஒத்திகைக்குப் போய் உட்கார வேண்டும். நம் பெரியவர்கள் அதைச் செய்யவில்லை.

இளைஞர்கள் நடத்துநர்களாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைச் சான்றும் ஜொகூரில் முடிகிறது. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கக் கோரி, தர்மா பிள்ளை, கைரா யூஸ்ரி ஆகிய இருவரும் தோழர்களும் ‘உண்டி18’ இயக்கத்தை நடத்தினார்கள். கையெழுத்து வாங்கினார்கள், எம்.பி.க்களைத் தேடிப் போனார்கள். அப்போது இளைஞர் அமைச்சராக இருந்தவர் மூவார் தொகுதி உறுப்பினர் சைட் சாடிக். 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் 211 பேர் ஆதரிக்க, எதிர்ப்பே இல்லாமல் அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. நடைமுறைப்படுத்துவது தள்ளிப்போனதும் இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 செப்டம்பரில் குச்சிங் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மனு, நாடாளுமன்றம், வழக்கு என்ற மூன்றையும் அவர்கள் நடந்து நடந்தே கற்றார்கள். பதினெட்டு வயதினர் முதன்முதலாக வாக்களித்த தேர்தல் 2022 மார்ச் 12இல் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தல். அன்று மொத்த வாக்குப்பதிவு 55 விழுக்காடு அளவில் நின்றுவிட்டது. உரிமையை வாங்குவதற்கு ஓடிய கால்கள் சில. அதைப் பயன்படுத்தப் பழக வேண்டிய கைகள் பல லட்சம். பழக்கும் இடங்கள்தான் குறைந்துபோயின.

இப்போது அந்த நாற்காலி நோய்க்கு வரலாம். 2007இன் இளைஞர் சங்கங்கள் மேம்பாட்டுச் சட்டம் பதினைந்து முதல் நாற்பது வயது வரையிலானவர்களை இளைஞர் என்றது. நாற்பதைத் தொட்டும் இளைஞர் தலைவராக விளங்கியவர்கள் எல்லா இனத்திலும் உண்டு. தமிழ் அமைப்புகளில் அவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ஐம்பதுகளின் மன்றங்களில் இருபது வயதில் செயலாளரானவர்கள், அறுபதைத் தாண்டியும் இளைஞர் விழாவுக்குத் தலைமை தாங்கினார்கள். பிள்ளைகள் நாற்காலி எடுத்துப் போட்டார்கள், மாலை வாங்கி வந்தார்கள், கீழே உட்கார்ந்து பேச்சைக் கேட்டார்கள். ஒரு காலத்தில் அவர்களே பேசிக் கற்ற மேடை அது. 2019இல் சட்டத் திருத்தம் இளைஞர் வயதை முப்பதாகக் குறைத்தது. 2026 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வரும் என்று அரசு அறிவித்தது. சில அமைப்புகள் முனகின, அனுபவசாலிகள் இல்லாமல் சங்கம் எப்படி நடக்கும் என்று கேட்டன. அந்த அனுபவசாலிகள் எப்படி அனுபவசாலிகளானார்கள் என்பதை மறந்துவிட்ட கேள்வி அது.

ஆகவே ஜொகூரில் பொறுப்பை விடும் தலைவர்கள் மூன்று பொருள்களைத் தங்கள் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்: கூட்டக் குறிப்பேடு, வங்கிப் புத்தகம், மண்டபச் சாவி. ஆலோசகர் என்ற பெயரில் பக்கத்து நாற்காலியில் ஒட்டிக்கொள்ள வேண்டாம். இருபது வயதுச் செயலாளர் எழுதும் முதல் ஆண்டறிக்கை தப்பும் தவறுமாக இருக்கும். குறுக்கே பேசாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேளுங்கள், திருத்தத்தை அவருடைய உறுப்பினர்களே சொல்லட்டும்.